ஒரு தாளில் ஓர் ஆட்டம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாநிலம். அங்கே ஹெர்ஷி என்று ஒரு சிறிய ஊர். சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர். 1962 மார்ச் 2 அன்று இரவு அந்த ஊரில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் நடந்தது.

ஃபிலடெல்பியா வாரியர்ஸ் ஓர் அணி. நியூயார்க் நிக்ஸ் எதிரணி. இரண்டும் தொழில்முறை அணிகள். அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுபவர்களின் அணிகள். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர்தான். தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைக் காட்டவில்லை. படச்சுருளும் கிடையாது.

அந்த ஆட்டத்தில் ஒரே ஆள் 100 புள்ளிகள் எடுத்தார். அவர் பெயர் வில்ட் சேம்பர்லின். வாரியர்ஸ் அணிக்காரர். அப்போது வயது 25. உயரம் 7 அடி 1 அங்குலம்.

படம் இல்லை என்றால், 100 எடுத்தது எப்படித் தெரியும்? ஒரு தாள் இருக்கிறது. ஆட்டத்தின் கணக்குத் தாள். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். அன்று நடந்ததில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஆட்ட விதிகள் கொஞ்சம் தெரிய வேண்டும்.

களத்தில் ஓர் அணிக்கு 5 பேர். வளையம் 10 அடி உயரத்தில் இருக்கும். பந்தை வளையத்துக்குள் போட்டால் ஒரு கூடை. அதற்கு 2 புள்ளி. எதிரணியார் தள்ளினால், அடித்தால், கையைப் பிடித்தால் அது ‘பவுல்’. பவுலுக்கு ஆளானவருக்கு ‘ஃப்ரீ த்ரோ’ கிடைக்கும். அவர் ஒரு கோட்டுக்குப் பின்னால் நின்று வளையத்தில் எறிவார். யாரும் மறிக்கக் கூடாது. விழுந்தால் 1 புள்ளி.

இப்போது தாளைப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு வரி உண்டு. சேம்பர்லின் பெயருக்கு நேரே இப்படி இருக்கிறது:

நிமிடம் 48
கூடை 36–63
ஃப்ரீ த்ரோ 28–32
ரீபவுண்ட் 25
அசிஸ்ட் 2
புள்ளி 100

ஆட்டம் மொத்தம் 48 நிமிடம். ஆகவே அவர் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை.

அடுத்தது 36–63. நடுவில் உள்ள கோட்டைப் பார்த்துக் கழித்துவிட வேண்டாம். அது கழித்தல் குறி அல்ல. 63 முறை எறிந்தார், 36 முறை விழுந்தது என்று பொருள். 28–32 என்பதும் அப்படித்தான். 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தன.

கணக்கு சரியா? நீங்களே போட்டுப் பாருங்கள். கூடைக்கு 2 புள்ளி வீதம் 36 கூடைக்கு 72. ஃப்ரீ த்ரோவுக்கு 1 வீதம் 28. இரண்டையும் கூட்டினால் 100.

இந்த வரியில் வியப்பான எண் எது? பலரும் 100 என்பார்கள். ஆனால் 28–32 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சேம்பர்லினுக்கு ஃப்ரீ த்ரோ சரியாக வராது. அந்த ஆண்டு ஆட்டங்களில் அவர் எறிந்ததில் நூற்றுக்கு 61 தான் விழுந்தது. பந்தை இரண்டு கைகளாலும் கீழே தாழ்த்தி, மேல் நோக்கி வீசிப் பார்த்தார். அப்படியும் அவ்வளவுதான். அன்று இரவு மட்டும் நூற்றுக்கு 87க்கு மேல் விழுந்தது. வழக்கம்போல் எறிந்திருந்தால் 32இல் ஏறத்தாழ 20 விழுந்திருக்கும். அப்போது அவர் புள்ளி 72ம் 20ம் சேர்ந்து 92 தான். அவருக்கு 100 வாங்கித் தந்தது, அவருக்குக் கைவராத வேலை!

தாளில் மற்றவர்களின் வரிகளும் இருக்கின்றன. அல் ஆட்டில்ஸ் என்பவரின் வரியைப் பாருங்கள். கூடை 8–8. ஃப்ரீ த்ரோ 1–1. எறிந்த ஒன்றுகூடத் தவறவில்லை. 17 புள்ளி. வேறொரு நாளாக இருந்தால் அவரைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.

கை ராட்ஜர்ஸ் எடுத்தது 11 புள்ளி. ஆனால் அவருக்கு அசிஸ்ட் 20. அசிஸ்ட் என்றால் என்ன? ஒருவர் பந்தைத் தருகிறார். வாங்கியவர் உடனே கூடை போடுகிறார். பந்தைத் தந்தவருக்கு அது அசிஸ்ட். அடித்தவர் பெயரை மட்டும் எழுதாமல், கொடுத்தவர் பெயரையும் எழுதுவது நல்ல வழக்கம்தான்.

ரீபவுண்ட் என்பது வேறு. குறி தவறித் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது.

இனி அணிக் கணக்கு. வாரியர்ஸ் அணியில் புள்ளி எடுத்தவர்கள் 6 பேர். சேம்பர்லின் 100, ஆட்டில்ஸ் 17, மெஷரி 16, அரிசின் 16, ராட்ஜர்ஸ் 11, லாரீஸ் 9. கூட்டுங்கள். 169 வருகிறதா? அதுதான் அணியின் புள்ளி. நிக்ஸ் எடுத்தது 147. நிக்ஸ் அணியில் மூன்று பேர் மிக நன்றாக ஆடினார்கள். கெரின் 39, பக்னர் 33, நால்ஸ் 31. மூவரும் சேர்ந்து 103. இந்தப் பக்கம் ஒருவரே 100.

கணக்கைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஆட்டத்தை 12 நிமிடம் வீதம் 4 பகுதியாகப் பிரிப்பார்கள். சேம்பர்லின் எடுத்தது முதல் பகுதியில் 23. அடுத்து 18. பிறகு 28. கடைசியில் 31. கூட்டினால் மறுபடியும் 100.

கடைசிப் பகுதியில்தான் ஆட்டம் கோணல் ஆனது. அவர் நூறு எடுத்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தங்களுக்கு எதிராக ஒருவர் நூறு எடுப்பது நிக்ஸ் அணிக்குத் தலைகுனிவு. ஆகவே பந்தை அவரிடம் போகவிடாமல் பார்த்தார்கள். பந்து வைத்திருந்த மற்றவர்களை வேண்டுமென்றே பவுல் செய்தார்கள். வாரியர்ஸ் அணியும் சும்மா இல்லை. பந்து சீக்கிரம் திரும்பக் கிடைக்க அவர்களும் பவுல் செய்தார்கள். வெற்றி தோல்வியை இரு அணியும் மறந்துவிட்டன. இது ஆட்டமே அல்ல, கேலிக்கூத்து என்று பின்னால் சிலர் குறை சொன்னார்கள். அதிலும் ஞாயம் உண்டு.

ஆட்டம் முடிய 46 நொடி இருந்தது. சேம்பர்லின் 98 புள்ளியில் நின்றார். அப்போது பந்து ஜோ ரக்லிக் என்பவர் கைக்கு வந்தது. அவர் அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்காதவர். அன்று ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. தானே கூடைக்குப் போக அவருக்கு வழி இருந்தது. ஆனால் பந்தைச் சேம்பர்லினுக்குத் தந்தார். அது வளையத்துக்குள் விழுந்தது. கூட்டம் களத்துக்குள் ஓடி வந்துவிட்டது. தாளில் ரக்லிக்கின் வரி இதுதான்: புள்ளி 0, அசிஸ்ட் 1.

கணக்கு எழுதியவர் ஹார்வி பாலக். ஃபிலடெல்பியாக்காரர். 1946 முதல் 2015இல் இறக்கும் வரை கூடைப்பந்துக் கணக்கே அவர் தொழில். அன்று கணக்கும் எழுதினார், செய்தித்தாள்களுக்குச் செய்தியும் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து 100 என்று கையால் எழுதினார். சேம்பர்லின் அதைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு உட்கார்ந்தார். உலகம் முழுவதும் தெரிந்த படம் அது. கடைசிப் பகுதியின் வானொலி ஒலிப்பதிவும் பின்னாளில் கிடைத்தது.

ஆனால் தாளில் எல்லாமே இல்லை. எதிரணியார் எறியும் பந்தை வழியிலேயே தட்டிவிடுவது ‘பிளாக்’. சேம்பர்லின் இதில் கெட்டிக்காரர். அன்று எத்தனை பந்தைத் தட்டினார்? யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தொழில்முறை ஆட்டங்களில் பிளாக் கணக்கை 1973இல்தான் எழுதத் தொடங்கினார்கள். எழுதாத எண் போனது போனதுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. 1979இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் புதிய விதி வந்தது. தொலைவில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து போடும் கூடைக்கு 3 புள்ளி. 2006 ஜனவரி 22 அன்று கோபி பிரயன்ட் என்பவர் ஆடினார். மொத்தம் 28 கூடை போட்டார். அதில் 7 கூடை தொலைவிலிருந்து. ஃப்ரீ த்ரோ 18 விழுந்தன. அவர் எடுத்த புள்ளி எத்தனை?

(விடை: 81)