பணமாற்றுக் கடையும் புதுமுயற்சியும்



நாட்டின் பொருளாதாரம் வளர வேண்டுமாயின் புதுமுயற்சியும் தொழில் தொடங்கும் துணிவும் பெருக வேண்டும் என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். கேட்டுவிட்டு, "அது ஆராய்ச்சிக்கூடம் வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன சொல், ஆறடி அகலக் கடையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று கடையைத் திறக்கப் போய்விடுகிறோம். இவ்வெண்ணம் பிழையானது. சிங்கப்பூரிலுள்ள நிறுவனங்களில் 100க்கு 99 சிறியனவும் நடுத்தரமானவையுமே. இந்நாட்டில் வேலை பார்ப்போரில் ஏறக்குறைய 10 பேரில் 7 பேர் அவற்றில்தான் இருக்கிறார்கள். நம் போன்றோரின் கடைகளில் நேரமும் முதலும் வீணாவது குறையாமல் நாட்டின் வளர்ச்சி எங்கிருந்து வரும்? ஆகவே, நம்மவர் பலர் நெடுங்காலமாகச் செய்துவரும் பணமாற்றுத் தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் புதுமுயற்சி என்பது எது என்று பார்ப்போம்.

அதற்கு முன், நம் கையைவிட்டுப் போன ஒரு தொழிலை நினைத்துக்கொள்வது நல்லது. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே சிங்கப்பூர் ஆற்றை ஒட்டிச் சூலியாக் கம்பத்துக்கு இடம் குறிக்கப்பட்டிருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆப் பள்ளி 1826இல் நிறுவப்பட்டது. தெலோக் ஆயர் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. அக்காலத்தில் நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றங்கரைக் கிடங்குக்குக் கொண்டுவரும் படகுத்தொழில் பெரும்பாலும் சூலியாக்கள் கையில் இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது சீனர் கைக்குப் போய்விட்டது. சரி, சீனப் படகுக்காரர்களாவது நிலைத்தார்களா? 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறைமுகம் திறந்தது. 1983இல், ஆற்றைத் துப்புரவு செய்யும் பணியின்போது, எஞ்சிய படகுகளும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. துடுப்புப் போடுவதில் யாருக்கும் திறமை குறைந்துவிடவில்லை. சரக்கு வரும் வழிதான் மாறிவிட்டது.

பணமாற்றுத் தொழிலுக்கு வருவோம். ராஃபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் இடையே சேஞ்ச் அல்லி என்றொரு சந்து இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். கப்பலைவிட்டு இறங்கிய மாலுமியும் பிரயாணியும் சிப்பாயும் கரையேறியவுடன் நுழையும் இடம் அது. வங்கி திறக்காத வேளையில், வங்கி வாங்க யோசிக்கும் தாளையும் வாங்கிக்கொண்டு, நின்ற நிலையில் வெள்ளி எண்ணிக் கொடுத்தவர்கள் அங்கே இருந்தவர்கள். அவர்களில் நம்மவர் அநேகர். வாடிக்கைக்காரனுக்கு எங்கே இடைஞ்சல் என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே போய் நின்றார்களே, அதுதான் அக்காலத்துப் புதுமுயற்சி! இன்று "புத்தாக்கம்" என்று பெரிய பெயர் சூட்டுகிறார்கள். நம் பாட்டன்மார் பெயர் சூட்டாமல் செய்தார்கள்.

பிறகு வந்த மாறுதல்கள் ஒன்றிரண்டல்ல. 1971இல் பிரிட்டிஷ் படை புறப்பட்டது. 1973இல் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு சந்தைக்கேற்ப மிதக்க விடப்பட்டது. ஏற்ற இறக்கத்தில் லாபமும் வந்தது, நஷ்டமும் வந்தது. 1979இல் தொழிலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1981இல் சாங்கி விமான நிலையம் திறந்தபின் பிரயாணிகள் துறைமுகப் பக்கம் வருவது அருகிற்று. 1989இல் சேஞ்ச் அல்லியே மூடப்பட்டது. ஒவ்வொரு தடவையும் நம்மவர் இடம் மாறினார்கள்: அங்காடிக் கட்டடங்களுக்கு, தேக்காவுக்கு, வீடமைப்புப் பேட்டைகளுக்கு. 2020 மார்ச்சில் எல்லைகள் அடைபட்டபோதுதான் இடம் மாறியும் பயனில்லாத நிலையைக் கண்டோம். 2022 ஏப்ரலில் ஜொகூர் தரைவழி முழுமையாகத் திறந்தபின் மூச்சு வந்தது என்றாலும், அதற்குள் வாடிக்கைக்காரரின் பழக்கம் மாறியிருந்தது.

பல நாட்டு நாணயங்களை ஒரே அட்டையில் வைத்துக்கொள்ளும் யூடிரிப் போன்ற சேவைகள் 2018இலிருந்தே இங்கு உண்டு. 2023 பிப்ரவரி 21இல் நம் நாட்டின் பேநவ் முறையும் இந்தியாவின் யூபிஐ முறையும் இணைக்கப்பட்டன. ஊருக்குச் சிறு தொகை அனுப்புகிறவர் கைப்பேசியிலேயே அனுப்பலாம். இவற்றைச் சபித்துப் பயனில்லை. ஊழியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்காமல் தாய்க்குப் பணம் அனுப்ப முடிவது நல்ல காரியம் அன்றோ? ஆனால் சரக்கு வரும் வழி மறுபடியும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது.

இனி, தொழிலின் உள்கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒருவர் 100,000 வெள்ளி முதல் வைத்திருப்பதாகக் கொள்வோம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே 100 வெள்ளிக்கு 20 காசு நிற்கிறது. முதல் முழுதும் ஒரு சுற்றுச் சுற்றினால் 200 வெள்ளி. மாதத்தில் 10 சுற்று என்றால் 2,000 வெள்ளி. பக்கத்துக் கடைக்காரர் 10 காசுக்கு இறங்கிவிட்டார் என்று இவரும் இறங்கினால், அதே 10 சுற்றில் 1,000 வெள்ளிதான். 20 காசிலேயே நின்று சுற்றை 20 ஆக்கினால் 4,000 வெள்ளி. 10 காசுக்கு இறங்க நேர்ந்தாலும் 20 சுற்று இருந்தால் பழைய 2,000 கைக்கு வந்துவிடும். ஆகவே நம் லாபம் விலைப்பலகையில் இருப்பதைவிடப் பெட்டியில் இருக்கிறது. யாரும் கேட்காத தாள் பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்க, கேட்கிற தாள் இல்லையென்று வாடிக்கைக்காரரைத் திருப்பி அனுப்புகிறோமே, அங்கேதான் பணம் போகிறது. காசைக் குறைத்துப் போட்டி போடுவது எவருக்கும் வரும். சுற்றைக் கூட்டுவதற்குத்தான் புத்தி வேண்டும்.

சுற்றைக் கூட்டுவது எப்படி? லிட்டில் இந்தியாவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முஸ்தபா சென்டரை நிறுவிய முஸ்தாக் அஹ்மது தமிழர் அல்லர், உத்தரப் பிரதேசத்துக்காரர். சிறு வயதில் தகப்பனாருடைய தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் கைக்குட்டை விற்றவர். 1971இல் கேம்பல் லேனில் குடும்பத்தார் துணிக்கடை வைத்தார்கள். பேரம் பேசாமல் ஒரு முழம் துணி விற்காத வட்டாரத்தில் பொருளுக்குப் பொருள் விலைச்சீட்டு ஒட்டினார்கள். 1995இல் சையத் ஆல்வி சாலைக்கு வந்தார்கள். 2003இல் இரவு பகல் 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். விலைச்சீட்டுக்கு எந்த ஆராய்ச்சிக்கூடமும் தேவைப்படவில்லை. பேரத்தில் போகும் பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு பேருக்கு விற்கலாம் என்ற எண்ணம்தான் தேவைப்பட்டது. மொழி தெரியாத வாடிக்கைக்காரரும் ஏமாந்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். இன்றைய இளைஞர் எம்ஆர்டி ரயிலில் வரும்போதே கைப்பேசியில் விலை பார்த்துவிட்டுத்தான் எந்த நிலையத்தில் இறங்குவது என்று தீர்மானிக்கிறார். விலையைக் கைப்பேசியில் போடாத கடை அவரைப் பொறுத்தவரை இல்லாத கடை. "நேரில் வாங்க, நல்ல விலை தருகிறேன்" என்ற பழைய வசனம் அவர் காதில் விழுவதேயில்லை. (விழுந்தாலும் அவர் நம்புவதில்லை என்பது வேறு.)

விலையைப் போட்டபின் அடுத்த கேள்வி வரும்: "மாலையில் வருகிறேன், 3,000 ரிங்கிட் இந்த விலைக்கு எடுத்து வைப்பீர்களா?" நம்மில் பயபக்தியுள்ள சிலர் இங்கே தயங்குகிறார்கள், தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. வெவ்வேறு நாணயங்களை இருவரும் ஒப்பிய எந்த விலைக்கும் மாற்றலாம். ஆனால் அதே அமர்வில் கைக்குக் கை கொடுத்து வாங்கியாக வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். காலையில் வியாபாரம் பேசி முடித்து மாலையில் பணம் கொடுப்பது கூடாது. எனினும், வியாபாரத்தை முடிப்பது வேறு, வாக்குக் கொடுப்பது வேறு. ஒரு தரப்பு மட்டும் "இந்த விலைக்குத் தருவேன்" என்று வாக்களித்து, மாலையில் நேரில் தாள் கைமாறும்போது வியாபாரத்தை முடித்துக்கொள்வதை இக்கால அறிஞர் பலர் அனுமதிக்கிறார்கள். வந்தவர் வராமல் போனால் அவர்மீது வழக்கில்லை. அதுபோலவே, பணம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதைக் கைப்பற்றியதாகவே கொள்ளலாம் என்று 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. பேநவில் வெள்ளி வாங்கிக்கொண்டு தாளைக் கையில் கொடுப்பது பற்றிச் சிந்திப்பதற்கு இது வழி காட்டுகிறது. இக்கட்டுரை ஃபத்வா அன்று. தங்கள் கடையின் நடைமுறையை எழுதிக்கொண்டு போய் உலமாக்களிடம் காட்டித் தெளிவு பெறுக. கேட்காமலே "கூடாது" என்று ஒதுங்குவதும், கேட்காமலே "பரவாயில்லை" என்று செய்வதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

இத்தனையும் செய்யப்போவது யார் என்பதே பெரிய கேள்வி. பல கடைகளில் தகப்பனார் எழுபதை எட்டுகிறார். மகன் பட்டம் பெற்று வேறெங்கோ மாதச் சம்பளம் வாங்குகிறார். "கடையைப் பார்த்துக்கொள்" என்றால் அவர் ஏன் வரவேண்டும்? கல்லாவில் உட்காரச் சொல்கிறோம். எந்தத் தாள் எவ்வளவு வாங்குவது என்பதை மட்டும் நாமே மனத்தில் வைத்துக்கொள்கிறோம். அவருக்குச் சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை, "எல்லாம் உனக்குத்தானே" என்ற ஒரு சொல்தான்! இதற்கு நம் மார்க்கம் முன்பே ஒரு வழி வகுத்திருக்கிறது. முளாரபா என்ற கூட்டில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள்; இன்ன தொகை என்று உறுதி செய்ய முடியாது. உழைப்பவர் கவனக்குறைவோ மோசடியோ இன்றி நஷ்டம் வந்தால், அது முதல் போட்டவரைச் சேரும். உழைத்தவருக்கு உழைப்பு நஷ்டம். முதலில் ஒரு சிறு பகுதியை, 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம், இப்படி மகனிடமோ மருமகனிடமோ நம்பிக்கையான கடைப்பிள்ளையிடமோ எழுத்தில் ஒப்படைத்துப் பார்க்கலாம். சட்டப்படி தேவையான உரிம ஒழுங்குகளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரி 28 முதல் நம் தொழில் பணப்பட்டுவாடாச் சேவைகள் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. உரிமத்தில் குறிக்காத சேவையைத் தொடங்கக்கூடாது.

சட்டம் கேட்கும் பதிவேடுகளைச் சுமையென்று பலர் முணுமுணுக்கிறார்கள். வைத்துத்தான் ஆகவேண்டும் எனில் அவற்றைப் படித்தும் பார்க்கலாமே! ஹஜ்ஜுக்கு எத்தனை நாள் முன்னதாக ரியால் கேட்கத் தொடங்குகிறார்கள், ஜூன் பள்ளி விடுமுறையில் ரிங்கிட் எவ்வளவு போகிறது, ஆண்டு இறுதியில் எந்நாட்டுத் தாள் தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் அதில் கிடக்கிறது. கணக்கையும் இருப்பையும் கணினியில் வைக்க முன்வரும் சிறு நிறுவனங்களுக்கு எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் 2018 முதல் உண்டு. அதற்கு மனுச் செய்யுமுன் நம் கடையில் எது குறை என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாங்கிய இயந்திரம் உறையோடு மேசையில் இருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கண்டிருக்கிறேன்.

எனவே, மானியத்துக்கும் இயந்திரத்துக்கும் முன், இரண்டு வெள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கல்லாவில் வையுங்கள். விற்றதை அதில் எழுத வேண்டாம். அதற்கு வேறு ஏடு இருக்கிறது. யார் எந்த நாட்டுத் தாள் கேட்டு இல்லையென்று திரும்பினார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதை மட்டும் 30 நாள் எழுதுங்கள். 30 நாள் ஆனதும் புத்தகத்தை மகனிடம் கொடுத்து, எதை எவ்வளவு வாங்கி வைக்கலாம் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள்.