பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறதா?

பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது, சிலருக்குப் பேதியும் ஆகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் நொதி வேண்டும். குழந்தைப் பருவம் தாண்டியதும் பலருக்கு அது குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகிறது. கூடவே தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. உலகில் வளர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நொதி குறைவுதான். ஆகவே பயமும் வேண்டாம், பாலை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம்.

1. முதலில் பால்தானா என்று பாருங்கள். இரண்டு வாரம் பாலையும் பால் சேர்ந்தவற்றையும் நிறுத்திவிட்டு, பிறகு கொஞ்சமாகத் தொடங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், வயிறு என்ன செய்தது என்று காலண்டர் தாளிலாவது குறித்து வையுங்கள். காப்பியில் ஊற்றுவதும் பால்தான். பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பால் இல்லாத கடுங்காப்பியே சிலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2. 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய டம்ளர் பால் வரை, அதிகத் தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். வெறும் வயிற்றில் குடிக்காமல், இட்லியோ தோசையோ சாப்பிட்டபின் அரை டம்ளராகக் குடித்துப் பாருங்கள்.

3. பாலைவிடத் தயிர் நல்லது. உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாகிவிடுகிறது. மீதியை உடைக்கும் நொதியை அந்தத் தயிர் பாக்டீரியாக்களே குடலுக்குள் கொண்டுவருகின்றன. நீர் மோராகப் பெருக்கினால் இன்னும் இலேசு. ஆனால் மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் பாக்டீரியா மடிந்து இந்த உதவி போய்விடும். இன்னொன்று: ஊருக்குக் கட்டும் தயிர்சாதம் புளிக்காமலிருக்கப் பாலைத் தாராளமாக ஊற்றிப் பிசைவோம். ‘தயிர்சாதம்கூட எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பவர்கள் அந்தப் பாலைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

4. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. வெண்ணெயில் மிகக் குறைவு.

5. பால் சுண்டச் சுண்ட லாக்டோஸும் செறியும். திரட்டுப்பால், பால்கோவா, பேடா எல்லாம் இந்த வகை. பால் பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாக்டோஸ்தான். அலுவலக இயந்திரத்தில் பிடிக்கும் டீயிலும், பிஸ்கட்டிலும், சாக்லேட்டிலும் அது ஒளிந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் ‘பால் திடப்பொருள்’, ‘வே பவுடர்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

6. காய்ச்சினாலும், மஞ்சளோ மிளகோ போட்டாலும் லாக்டோஸ் போகாது. நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் என்று கூடுதல் விலை கொடுத்தாலும் லாக்டோஸ் அதே அளவுதான். ஆட்டுப்பாலில் சற்றே குறைவு. அதை நம்பி டம்ளர் டம்ளராகக் குடிக்க முடியாது.

7. லாக்டோஸ் நீக்கிய பால் கடைகளில் கிடைக்கிறது. அதில் லாக்டோஸை முன்கூட்டியே குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைத்திருப்பார்கள். அதனால்தான் அது சாதாரணப் பாலைவிட இனிக்கிறது; பெரும்பாலும் சர்க்கரையைச் சேர்ப்பதோ எடுப்பதோ இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் சாதாரணப் பாலைப் போலவே இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். லாக்டேஸ் மாத்திரையும் உண்டு. பால் பண்டத்தின் முதல் வாயோடு போட்டுக்கொண்டால்தான் பலன்.

8. பாலைக் குறைப்பவர்கள் கால்சியத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் என்றால், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். எள், முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும் நெத்திலி ஆகியவையும் கைகொடுக்கும். தேங்காய்ப்பால் ருசிக்குச் சரி, கால்சியத்துக்கு உதவாது.

9. பேதி கண்டு தேறிய குழந்தைக்குச் சில நாள் பால் சேராமல் போகலாம். குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, உதட்டில் வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது பால் ஒவ்வாமை. அது வேறு சங்கதி, உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

10. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி ஆகியவை பால் சேராமையின் அறிகுறிகள் அல்ல. இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘பால்தான் காரணம்’ என்று நாளைக் கடத்தாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் எளிய பரிசோதனையிலேயே லாக்டோஸ் சேராமை இருக்கிறதா என்று அவர் பார்த்துவிடுவார்.