புயலிற் சாய்ந்த மக்காச்சோளக் கொல்லையில் மாடு மேய்த்தல்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விதைக்கப்படும் மக்காச்சோளம், கார்த்திகை, மார்கழிப் புயல்களில் அகப்படுவதுண்டு. தரையோடு படுத்த பயிரை அறுக்கக் கூலி கட்டாதென்று குடியானவர்கள் மாடுகளை அதில் அவிழ்த்துவிடுகின்றனர். தீவனம் வீணாகாதிருக்க இது நல்ல வழியே. ஆயினும், இளஞ்சோளம் மாட்டைக் கொல்லுமென்று நன்கறிந்தவர்களும் மக்காச்சோளத்தால் கெடுதியில்லையென்று எண்ணுவது சரியன்று. சோளத்தின் இளந்தளிரிலுள்ள விஷம் இதில் இல்லையென்றே சொல்லலாம். இதன் அபாயம் கீழே கிடக்கும் கதிரில் இருக்கிறது.

கொல்லையில் நுழைந்த மாடு முதலில் தேடுவது கதிரையே. இலையும் தட்டையும் பிறகுதான். வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் முற்றிய மணி ஒரே நாளில் மிகுதியாகச் சேர்ந்தால், அது முதல் இரைப்பையிற் புளித்து அமிலமாகிறது. பெரும்பாலும் ஒரு நாளைக்குள் மாடு தீனி மறுத்து, அசைபோடுவதை நிறுத்தி, புளித்த நாற்றமுள்ள கழிச்சல் கண்டு, தள்ளாடிப் படுத்துவிடும். பிழைத்த மாட்டுக்கும் குளம்பு நோவு வரக்கூடும். இக்குறி கண்டவுடன் மேய்ச்சலை நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கைமருந்திற் பொழுது போக்கலாகாது.

ஆகவே மாட்டை விடுமுன் கதிரை எண்ணிப் பார்ப்பது அவசியம். கொல்லையில் மூன்று நான்கு இடங்களில் ஒவ்வொரு சென்ட் அளந்து, சாய்ந்த பயிரில் உள்ளவற்றையும் உதிர்ந்தவற்றையும் எண்ணுக. கதிருக்கு 150 கிராம் மணியென்று கொண்டால், சென்ட்டுக்கு 15 கதிர் என்பது ஏக்கருக்கு 225 கிலோ மணியாகும். அவ்வளவு இருக்குமாயின் முதலிற் கதிரைப் பொறுக்கிவிட வேண்டும். பொறுக்கிய பின்பும், வைக்கோல் போட்டு வயிறு நிரப்பிய மாட்டையே முதல் நாள் ஒரு மணி நேரம் மேய்த்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுக. முளையடித்துக் கட்டிச் சிறு சிறு பகுதியாக மேய்ப்பது மேல்.

யூரியா மிகுதியாக இட்டு, வறட்சியிலும் வாடிய பயிரானால் தட்டையின் அடியில் நைட்ரேட் என்னும் நஞ்சு சேர்ந்திருக்கலாம். உலர்ந்தாலும் அது நீங்காது. அடித்தட்டை ஒரு சாணையும் தின்னும்படி மாட்டைப் பட்டினியாக நிறுத்தலாகாது. சேற்றிற் கிடந்து பூசணம் பிடித்த கதிரின் நஞ்சு பாலிலும் இறங்கக்கூடுமாதலால், கறவைப் பசுவை அங்கே விடாதிருப்பதே நலம். 2018-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பரவிய படைப்புழுவுக்கு மருந்து தெளித்திருந்தால், புட்டியிற் குறித்த காத்திருப்பு நாட்கள் கழிய வேண்டும்.

நஷ்டக் கணக்கெடுப்பு முடியுமுன் மேய்த்துவிட்ட கொல்லையில் அதிகாரி பார்வையிட ஒன்றுமிராது. கிராம அதிகாரிகள் புயலடித்த மறுநாளே இதனைக் குடிகளுக்கு அறிவித்தல் வேண்டும்.