அடுக்களைக் காற்றின் வரவும் போக்கும்

குளிர் மிக்க மேனாடுகளில் வீட்டின் அடியிலே நிலவறை அமைத்து, அதன்கண் பேரடுப்பு மூட்டி, மேல்மாடத்து அறைகளைச் சூடேற்றும் வழக்கம் உண்டு. விசிறியால் உந்தப்படாமலே அச்சூடு குழாய் வழியாக மேலேறி அறைதோறும் பரவுமாறு முன்னாளிற் பல வீடுகள் கட்டப்பட்டன. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பழவேற்காட்டு ஏரியும் சூழ்ந்த லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்க்கு இதனால் யாது பயன் என வினவலாம். அங்கே வெப்பத்தை வேண்டுவார் இலர், ஓட்டவே விரும்புவர். எனினும், வெப்பத்தை அறைக்குக் கொணரும் விதி எதுவோ, அதுவே அதனை அறையினின்று அகற்றும் விதியுமாம்.

முதற்கண் அவ்விதியை நோக்குவோம். காற்று சூடேறுங்கால் விரியும். 27 சென்டிகிரேடு பாகையிலுள்ள காற்றை 57 பாகைக்குச் சூடேற்றின், பத்துப் படிக் காற்று பதினொரு படியாகும். எடை மிகாது பருமன் மட்டும் மிகுதலின், சூழ்ந்த குளிர்காற்றினும் அது இலேசாகின்றது. பாரமான குளிர்காற்று கீழே புகுந்து அதனை மேலே தள்ளுகின்றது. வலையிற் கட்டிய மிதப்புக் கட்டையை நீருள் அமிழ்த்திக் கைவிட்டால், நீர் அதனை மேலே உந்துகின்றதன்றோ? அதுபோலவே இதுவும். ஆகவே, சூடான காற்றுத் தானே எழுகின்றது என்பது பாதி உண்மையே. குளிர்காற்று வந்து எழுப்புகின்றது என்பதே முழு உண்மை.

இதனால் நிலவறை அடுப்புக்கு இரு வழிகள் வேண்டப்படுகின்றன. சூடான காற்று மேலேற ஒரு வழி. ஆறிய காற்று இறங்கி மீண்டும் அடுப்பை அடைய மற்றொரு வழி. பின்னதை அடைத்துவிடின், அடுப்பு எத்துணை எரியினும் மேலறை குளிர்ந்தே கிடக்கும். போக்கு வேண்டின் வரவும் வேண்டும்.

இவ்விதியே குப்பத்துக் கரையிலும் நாள்தோறும் நிகழக் காண்கிறோம். ஒரே எடையுள்ள நீருக்கு வேண்டும் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உலர்ந்த மணலுக்குப் போதும். ஆதலின் பகலில் நிலம் விரைந்து சுடுகின்றது. அதன்மேற் காற்று எழ, கடற்காற்று உள்ளே புகுகின்றது. இரவில் நிலம் விரைந்து ஆறுதலின், காற்று நிலத்தினின்று கடல் நோக்கிச் செல்கின்றது. பாய்விரித்துத் தொழில் செய்த நாளில், விடியுமுன் நிலக்காற்றோடு சென்று பகலிற் கடற்காற்றோடு மீளுதல் மீனவர்க்கு எளிதாயிற்று.

இனி, அடுக்களைக்கு வருவோம். எரிவாயு அடுப்பு வந்த பின்னும் விறகடுப்பை முற்றும் கைவிடாதார் உளர். ஓலைக் கூரையின் இடுக்குகளிற் புகை ஒருவாறு கசிந்து போகும். காரைக் கூரையோ அதனைத் தடுத்து நிறுத்தும். புகை கண்ணை மட்டும் கலக்குவதன்று. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. அடுப்பருகே நெடும்பொழுது இருக்கும் தாயரும் மடிக் குழவிகளுமே பெரிதும் துன்புறுவர்.

ஐதராபாத்துப் பொறியியலறிஞர் எஸ். பி. இராஜு என்பார், புகைபோக்கி இணைத்த மண்ணடுப்பு ஒன்றை வகுத்தார். எளியோர்க்குப் புகையில்லா அடுக்களை அமைப்பது பற்றிய அவருடைய ஆங்கில நூலைச் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953-இல் வெளியிட்டது. புகைபோக்கி உயருந்தோறும் இழுப்பும் மிகும். அதனை அமைக்க இயலாதார், கூரையை ஒட்டி ஒரு திறப்பும் தரையை ஒட்டி ஒரு திறப்பும் விடுதல் நலம். மேலே மட்டும் திறந்து கீழே அடைத்தல், நிலவறை வீட்டின் இரண்டாங் குழாயை அடைத்தலோடு ஒக்கும்.

ஐயமுறுவோர் எளிதிற் சோதித்தறியலாம். அடுப்பெரியும் அறையின் கதவைச் சிறிது திறந்து, ஊதுவத்தியை வாயிலின் அடியிற் பிடித்தால் அதன் புகை உள்ளே செல்லும். உச்சியிற் பிடித்தால் வெளியே செல்லும்.

இரவெல்லாம் வலைவீசி இளைத்த சீடர்க்காக நம் ஆண்டவர் கரையிலே தீமூட்டி உணவு ஆயத்தஞ் செய்ததை யோவான் சுவிசேஷத்தில் அறிகின்றோம். அது திறந்த கரை, காற்றுக்குத் தடையில்லை. நம் கடற்கரைத் தாயரோ அதே தொண்டினை மூடிய அறையில் நாள்தோறும் ஆற்றுகின்றனர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் தம் இல்லத்து அடுக்களையில் நின்று, காற்று எவ்வழி வருகின்றது, எவ்வழி போகின்றது என ஒருமுறை நோக்குவாராக. கற்ற விதி பயன்படத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.