பழைய ‘பேசும் படம்’ சினிமாப் பத்திரிகை தேடும் பிள்ளைகளுக்கு

1. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக் கூட்டம் கலைந்த பிறகு வேப்பூர் கூட்டுரோட்டுப் பழைய பேப்பர் கடைக்குப் போங்கள். அப்போதுதான் கடைக்காரர் கட்டைப் பிரித்துக் காட்டுவார். ‘பேசும் படம்’ இருக்கிறதா என்று பேர் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள். கிலோ கணக்கு போய்த் தனி விலை வந்துவிடும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். அதற்குள் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையைச் சுற்றப் போயிருக்கும்.

2. முதலில் நடுப்பக்கம் இருக்கிறதா பாருங்கள். சலூன்காரர் பின்னைத் தூக்கி வண்ணப்படத்தை உருவிச் சுவரில் ஒட்டியிருப்பார். அதோடு பின்பக்கத்துப் பேட்டியும் போயிருக்கும். மிச்சமிருக்கும் பின் துருப்பிடித்திருந்தால் மெல்லக் கழற்றி எடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது.

3. பைண்டிங் வால்யூம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பைண்டர் அட்டையையும் விளம்பரத்தையும் கழித்திருப்பார். எனக்கு அந்த விளம்பரம்தான் முக்கியம்.

4. பேட்டியைத் தனியாகப் படிக்காதீர்கள். யார் கேட்டார், யார் அச்சடித்தார் என்று பாருங்கள். ‘பேசும் படம்’ 1942ல், யுத்தகாலத்தில் வந்தது. ‘பொம்மை’ 1966ல் தொடங்கியது. அதில் 1968ல் ஜெயலலிதா எம்.ஜி.ஆரைப் பேட்டி கண்டார். இன்றைக்கும் அதை வெட்டி வெட்டிப் பகிர்கிறார்கள். கேட்டவர் அவரோடு ஜோடியாக நடித்துக்கொண்டிருந்த நடிகை. பத்திரிகையோ நாகிரெட்டியாருடையது, எம்.ஜி.ஆரை வைத்து 1965ல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ எடுத்த அதே நாகிரெட்டியார். அதனால் பேட்டி பொய் என்று சொல்லவில்லை. எந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்று தேடுங்கள். பிறகு அதே இதழின் கேள்வி-பதிலைப் படியுங்கள். நடிகருக்கு எத்தனை வயது, எத்தனை சம்பளம் என்று வாசகர் கூச்சமில்லாமல் கேட்டிருப்பார். ஆசிரியர் நழுவுகிற அழகே தனி.

5. கிசுகிசுவைத் தள்ளாதீர்கள், நம்பவும் நம்பாதீர்கள். ‘இந்து நேசன்’ கிசுகிசுப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் சிறை போன நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் 1947ல்தான் விடுதலையானார்கள். அப்புறம் பாகவதரின் மார்க்கெட் எழுந்திருக்கவே இல்லை. சினிமா எழுத்து என்றால் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

6. ‘விரைவில் வருகிறது’ என்ற விளம்பரத்தை வைத்து ஒரு படத்தின் வருஷத்தை எழுதாதீர்கள். வராமலே போன படம் எத்தனையோ. பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த பட்டியலையும் பாருங்கள். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கச் சேர்த்தது அது.

7. கையில் கிடைக்காத இதழுக்குக் கூட்டுரோட்டில் சென்னை பஸ் ஏறுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களில் தொடங்கியது. எந்தப் பத்திரிகை, எந்த மாசம் என்று எழுதிக்கொண்டு போங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும்.