மூத்த ஸ்டாப்பரைச் சேர்க்கும் முன்

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா

சிரஞ்சீவி முரளிக்கு,

நீ போனில் சொன்னதை மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தேன். பேச ஆரம்பித்தால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், விஷயம் எங்கேயோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கமிட்டிக் கூட்டத்தில் உதவும் என்று தோன்றினால் இதை அங்கேயே எடுத்துப் படி.

போன சீசனில் உங்கள் பையன்கள் வாங்கிய கோல்களில் பெரும்பாலானவை கடைசிக் கால் மணி நேரத்தில் வாங்கியவை என்றாய். அதற்கு மருந்தாக, ஒரு காலத்தில் பெரிய கிளப்பின் ஜெர்சி போட்டு, தடுப்பின் நடுவில் நின்ற முப்பத்தைந்து வயது ஸ்டாப்பரைக் கொண்டுவரலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். "கால் போய்விட்டது, காசு வீண்" என்கிறார்கள் மீதிப் பேர். ஃபுட்பால் செக்ரெட்டரி நீ, கையெழுத்து உன்னுடையது. இரண்டு தரப்பும் அவர் ஒருவரை மட்டுமே பார்த்துப் பேசுவதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. ஸ்டாப்பர் தனி ஆள் இல்லை. அவருக்கு முன்னால் யார் நிற்கிறார், பக்கத்தில் யார் ஓடுகிறார் என்று பார்க்காமல் அவரைச் சேர்ப்பதும் தப்பு, தள்ளுவதும் தப்பு.

நம் கண்ணெதிரே நடந்ததையே எடுத்துக்கொள். ஹெக்டர் யூஸ்தே என்ற ஸ்பெயின்காரர் 2023-24 சீசனில் மோகன் பகானில் இருந்தார். பிறந்தது 1988. வந்த வருஷமே ட்யூராண்ட் கோப்பை, அதன் பின் ஐ.எஸ்.எல். லீக் ஷீல்டு. அடுத்த சீசனுக்கு, முப்பத்தாறு வயதில், ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அந்த 2024-25 ஐ.எஸ்.எல்.லில் ஈஸ்ட் பெங்கால் முதல் ஆறு ஆட்டங்களையும் தொடர்ச்சியாகத் தோற்றது. கோச் கார்லஸ் குவாத்ராத் பாதியிலேயே விலகினார், ஆஸ்கர் புருசோன் வந்தார். முடிவில் பதின்மூன்று அணிகளில் ஒன்பதாவது இடம். சீசன் முடிந்ததும் யூஸ்தேயும் போய்விட்டார். அவர் இடத்துக்கு கெவின் சிபில் என்ற இருபத்தாறு வயது அர்ஜென்டினாக்காரரைக் கொண்டுவந்தார்கள்.

இதைக் கேட்டதும் உன் கமிட்டியில் இரண்டாவது கோஷ்டி மேஜையைத் தட்டும். தட்ட விடாதே. அதே கால், அதே தலை, ஒரு வருஷ இடைவெளி. ஒரு வருஷத்தில் ஒருவருக்கு ஆட்டம் மறந்துபோகாது. மோகன் பகானில் ஆன்டோனியோ ஹபாஸ் பொறுப்பேற்ற பிறகு தடுப்பில் மூன்று பேரை நிறுத்தினார். நடுவில் யூஸ்தே, ஒரு பக்கம் அன்வர் அலி, மறுபக்கம் சுபாசிஷ் போஸ். அகலமாக ஓட வேண்டியதை அந்த இருவரும் ஓடினார்கள். யூஸ்தே தன் இடத்தில் நின்று பந்தை வெட்டினார், தலையால் அடித்தார், வரிசையைக் கட்டி வைத்தார். ஈஸ்ட் பெங்காலில் என்ன நடந்தது? நடுக்களத்தில் சவுல் கிரெஸ்போ காயத்தால் வாரக்கணக்கில் வெளியே. டிசம்பரில் மதி தலாலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்து சீசனே முடிந்துபோனது. தடுப்பிலும் ஹிஜாசி மாஹெருக்குக் காயம். முன்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சாயும்போது எதிரணி பந்தோடு நேராகப் பின்வரிசைக்கு வந்து சேரும். அங்கே முப்பத்தாறு வயதுக்காரர், திரும்பி ஓடு என்றால் எவ்வளவுதான் ஓடுவார்? பழி மட்டும் கடைசியில் நிற்கிறவர் தலையில் வந்து விழும்.

அதே யூஸ்தேதான் 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்காக ஆட்டத்தின் முதல் கோலை அடித்தவர். ஆனால் அந்த ஆட்டத்தை 3-1 என்று ஈஸ்ட் பெங்கால் எடுத்துக்கொண்டது, அதில் ஒரு கோல் நம் சென்னைப் பையன் நந்தகுமாருடையது. அதற்கு முந்தைய ஆகஸ்டில், நாலரை வருஷம் டெர்பியில் ஜெயிக்காமல் கிடந்த ஈஸ்ட் பெங்காலுக்கு ட்யூராண்டில் ஒற்றைக் கோல் அடித்துக் கொடுத்தவரும் நந்தகுமார்தான். அன்று நம் மார்க்கெட்டில் வாழை இலை வாங்கப் போனாலும் அதே பேச்சு, காபிப்பொடிக் கடையில் நின்றாலும் அதே பேச்சு. நம் தெருவுக்கு ஈஸ்ட் பெங்கால் பாசம் இன்று நேற்று வந்ததா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான் என்று தெற்கிலிருந்து வந்த ஐந்து பேரைப் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடிய ஊர் இது. அவர்கள் காலத்தில் 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வந்தது. சரி, நான் பேச வந்தது பின்வரிசையைப் பற்றி.

ஸ்டாப்பர் தனி ஆள் இல்லை என்பதையேதான் வெளியூர்க் கதையும் சொல்கிறது. 2001-இல் மான்செஸ்டர் யுனைடெட் யாப் ஸ்டாமை விற்றுவிட்டு, முப்பத்தைந்து வயது லோரான் பிளாங்கை எடுத்தது. மூன்று வருஷம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த அணி அந்த சீசனில் மூன்றாவதாக வந்தது. ஸ்டாமை விற்றது தப்பு என்று ஃபெர்கூசனே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷம் ரியோ ஃபெர்டினாண்ட் வந்து சேர்ந்தார், பிளாங்க் சாம்பியன் அணியின் ஆட்டக்காரராகத்தான் ஓய்வு பெற்றார். தியாகோ சில்வா 2020-இல் செல்சிக்குப் போனபோது அவருக்கும் முப்பத்தைந்து. தாமஸ் டூகல் வந்து தடுப்பில் மூன்று பேரை நிறுத்திய பிறகு, 2021-இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. அந்த இறுதி ஆட்டத்தின் முதல் பாதியிலேயே சில்வா காயத்தோடு வெளியே போக வேண்டியிருந்தது, மாற்றாக வந்த கிறிஸ்டென்சன் மீதி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். இந்தக் கடைசி விஷயத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள். மூத்தவரை எடுக்கிறவன் அவருக்கான மாற்று ஆளையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

உங்கள் கொல்கத்தா லீக்குக்கு வருவோம். மழைக்காலம், மத்தியான ஆட்டம், வேர்வை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். இன்றைக்கு நைஹாட்டி, நாலு நாள் கழித்து கல்யாணி அல்லது பாரக்பூர். சேற்றில் பந்து தேங்கி நிற்கிற மைதானத்தில் ஓட்டக்காரனுடைய வேகம் பாதியாகிவிடும். அது ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த மூத்தவருக்குச் சாதகம். ஆனால் அதே சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஓடுவதுதான் அவருடைய தொடைத் தசையைக் கிழிக்கும். செயற்கைப் புல்லில் ஆடினால் முழங்கால் பேசும். பிரீமியர் டிவிஷனில் இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கு இடமில்லை, வங்காளத்து ஆட்டக்காரர்கள் இத்தனை பேர் களத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்பதை சுட்டர்கின் தெருவில் ஐ.எஃப்.ஏ. ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கு. அவரைக் களத்தில் வைப்பதற்காக ஒரு நல்ல வங்காளிப் பையனையோ வெளி மாநிலப் பையனையோ உட்கார வைக்க வேண்டி வருமானால், அதுவும் அவருடைய விலையில் சேரும்.

அவர் ஆட்டத்தை நேரில் பார்க்காமல் முடிவு செய்யாதே. பெரிய கிளப் காலத்து வீடியோக்களை ஒதுக்கி வை. நாலு நாளுக்குள் இரண்டு ஆட்டம் ஆடுகிறார் என்றால் இரண்டாவதைப் போய்ப் பார். முதல் ஆட்டத்தில் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார். பந்து மறுபக்கம் இருக்கும்போது கழுத்தைத் திருப்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாரா? அந்தக் கழுத்து நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பந்து அவர் தலைக்கு மேலே போகும்போது எந்தத் தோள் பக்கம் திரும்புகிறார்? ஒரு பக்கம் மட்டும் சுலபமாகத் திரும்பி, மறுபக்கம் இரண்டு எட்டு கூடுதலாக வைக்கிறார் என்றால் அந்தப் பக்கத்து முழங்காலில் ஏதோ இருக்கிறது.

சுப்ரதா பட்டாச்சார்யாவை நான் பலகை கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1974-இல் மோகன் பகானுக்கு வந்தவர், பதினேழு சீசன் அந்த ஒரே ஜெர்சி. கடைசி வருஷங்களில் அவர் ஓடுவது குறைந்துகொண்டே வந்தது, அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓடுவது கூடிக்கொண்டே போனது. கார்னர் வரும்போது இளம் பேக் ஒருவனின் சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்து, இரண்டு அடி இடது பக்கம் இழுத்து நிறுத்திவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போவார். பந்து அந்தப் பையன் தலைக்கே வந்து விழும். கேலரி பையனுக்குக் கை தட்டும். உன்னுடைய ஆள் அப்படிச் சட்டையைப் பிடித்து இழுக்கிற ரகமா, கோல் விழுந்த பிறகு கையை விரித்துப் பையனைப் பார்த்துக் கத்துகிற ரகமா என்று கவனி. கமிட்டியில் "வழிகாட்டுவார்" என்று சொல்கிறார்களே, அந்த ஒரு வார்த்தையைச் சோதித்துப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது கெப் ஆட்டம். பனிக்காலம் முழுக்க ஜில்லா ஜில்லாவாகப் போய், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், கட்டாந்தரையில், ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆடுவது. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் உன் கணக்கில் அது வர வேண்டும். போன இரண்டு சீசனில் லீக்கில் எத்தனை ஆட்டம் என்று கேட்காதே, எத்தனை நிமிஷம் என்று கேள். கெப் எத்தனை என்றும் கேள். கூச்சப்படாமல், மரியாதையோடு, நேராக அவரிடமே கேள். முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறாரா என்பதையும் கேட்டுவிடு. அதன் பிறகு எம்.ஆர்.ஐ. எடு, அந்தச் செலவு கிளப்புடையது.

பணத்தில் பிடிவாதமாக இரு. ஒரு சீசன், அதற்கு மேல் ஒரு நாள் கூட வேண்டாம். பாதி நிலையான தொகை, பாதி களத்தில் இறங்கிய ஆட்டங்களுக்கு. பேசிய பணத்தைப் பேசிய தேதியில் கொடுத்துவிடு. இந்த மைதானில் மூத்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைத்தே பழகிவிட்டோம், அந்தப் பழக்கத்தில் நீ சேராதே. எல்லா ஆட்டத்திலும் தொண்ணூறு நிமிஷம் இருக்க மாட்டீர்கள், சிலவற்றில் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும், சீசன் முடிவதற்குள் உங்கள் இடம் பையனுக்குப் போகலாம் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே அவர் முகத்தைப் பார்த்துச் சொல். ஒத்துக்கொள்ளாத ஆள் என்றால் கை கொடுத்துவிட்டு வந்துவிடு.

அந்தப் பையனைப் பற்றி நீ போனில் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. போன சீசன் முழுக்க அந்த இடத்தில் ஆடிய இருபது வயதுக்காரனைத்தான் சொல்கிறேன். கடைசிக் கால் மணி நேரத்தில் விழுந்த கோல்களை அவன் ராத்திரி தூங்காமல் எண்ணிக்கொண்டிருப்பான். மூத்தவர் வருகிற செய்தியை அவன் டீக்கடையில் கேள்விப்படக் கூடாது. நீயே கூப்பிட்டுச் சொல். உன்னை ஒதுக்க அவரைக் கொண்டுவரவில்லை, உன் பக்கத்தில் நிற்கத்தான் வருகிறார் என்று சொல். அப்படிச் சொன்னபின் நிஜமாகவே பக்கத்தில் நிறுத்து. கோச்சிடம் பேசு. தடுப்பு வரிசை நடுக்கோடு வரை ஏறி ஆடுகிற ஆட்டம்தான் கோச்சுக்குப் பிடிக்கும் என்றால் இந்தப் பேச்சையே இப்போதே நிறுத்திவிடலாம். அந்த ஆட்டத்தில் பின்னால் கிடக்கிற வெட்டவெளி முழுவதும் ஸ்டாப்பருடைய பொறுப்பு, முப்பத்தைந்து வயதில் யாராலும் அதைக் காக்க முடியாது.

மோதி நந்தி 'ஸ்டாப்பர்' என்று ஒரு நாவலே எழுதினார். வயதாகிவிட்ட ஸ்டாப்பர் ஒருவர் சின்ன கிளப்புக்காகத் தன் பழைய பெரிய கிளப்பை எதிர்த்து நிற்கிற கதை. உன் கமிட்டியில் பாதிப் பேர் அதைப் படித்தவர்கள், அந்த நினைவில்தான் கை தூக்குகிறார்கள். எனக்கும் அந்தப் பிரியம் உண்டு. ஆனால் வாக்கெடுப்பில் அதற்கு இடம் கொடுக்காதே.

கடைசியாக என் முடிவைக் கேட்டாயே. கடைசிக் கால் மணி நேரத்தில் கோல் விழுவதற்கு ஸ்டாப்பர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. உங்கள் நடுக்களப் பையன்கள் அந்த நேரத்தில் களைத்துப் போய், பந்தைத் துரத்தாமல் நடக்கிறார்கள் என்று நீயே போன வருஷம் என்னிடம் சொன்னாய். ஆக, கையில் இருப்பது ஒரே ஒருவருக்கான பணம் என்றால் ஸ்டாப்பரை விட்டுவிடு. தடுப்புக்கு முன்னால் நின்று தொண்ணூறு நிமிஷமும் ஓடுகிற ஒரு ஹாஃபைப் பிடி. இருவருக்கும் பணம் இருக்கிறது, கோச் வரிசையைக் கீழே வைத்து ஆடச் சம்மதிக்கிறார், ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்றால் தயங்காமல் அவரைக் கொண்டுவா. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. தேசப்பிரியா பார்க் பக்கத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார், கையோடு கொண்டுபோய்க் காட்டுகிறேன். கமிட்டிக் கூட்டத்தை அதுவரைக்கும் தள்ளி வை.

இப்படிக்கு,
உன் பெரியப்பா