‘ஏ.எல் பெயிலா? கொழும்பு கடைதான்!’

உயர்தரப் பெறுபேறு இணையத்தில் ஏறுவது பெரும்பாலும் இரவு நேரத்தில். சுட்டெண்ணைத் தட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் காம்பராவுக்குச் செய்தி போய்விடும். காலையில் பெரட்டுக்குப் போகும்போது தீர்ப்பும் தயார்: “படிப்பு ஏறல. கொழும்புக்கு அனுப்பிரு.”

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இப்படிச் சொல்லப்படும் தீர்ப்புகளில் சில முழுப் பொய், சில பாதி உண்மை. பாதி உண்மைகள்தான் கூடுதலாகக் கெடுக்கின்றன. என் கணக்கு இது: பரீட்சையில் விழுவதால் வரும் நட்டம் நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. விழுந்தபிறகு கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் ஊரை விட்டுப் போவதால் வரும் நட்டமோ நாம் நினைப்பதைவிடப் பெரிது.

“கேம்பஸ் கிடைக்கல, அப்ப பெயில்தானே?”

இல்லை. மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி, அதாவது மூன்று ‘எஸ்’ எடுத்த பிள்ளை உயர்தரத்தில் சித்தியடைந்த பிள்ளை. ஒவ்வோர் ஆண்டும் பரீட்சை எழுதுவோரில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு. மற்றவர்கள் வெளியே நிற்பது படிக்காததால் அல்ல, நாட்டில் கதிரை போதாததால்.

இருக்கிற இடங்களையும் பங்கிட்டுத்தான் கொடுக்கிறார்கள். பல பாடநெறிகளில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் அடங்கும். அதனால் நம் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். ஆனால் மாவட்டம் என்பது தோட்டம் மட்டுமில்லை. நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும் டிவிஷன் பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே இசட் ஸ்கோர் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அந்த ‘வெறும்’ மூன்று எஸ்ஸுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் 2015 ஐ நினைத்துப் பார்க்கலாம். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். தொடக்கத்தில் கொடுத்த மாதம் 6,000 ரூபாய் அவமானமான தொகை, அதை எதிர்த்துப் போராடவும் வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வாசலில் நின்றவர்கள் உயர்தரச் சித்தி வைத்திருந்தவர்கள். பின்னர் பயிற்சி முடித்து நிரந்தர ஆசிரியரானவர்கள் அவர்களில் பலர். பரீட்சைக்குப் போகாமல் நடுவில் நின்றுவிட்ட அவர்களின் வகுப்புத் தோழர்களுக்கு அந்த விண்ணப்பப் படிவத்தால் பயனில்லை. பத்தனையில் 1992 இல் தொடங்கிய ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரிக்கும் உயர்தரப் பெறுபேற்றை வைத்தே ஆள் எடுக்கிறார்கள். இரண்டு வருடம் விடுதியில் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, பிறகு அரச ஆசிரியர் நியமனம். கேம்பஸ் கிடைக்காத கவலையில் இந்த விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிடுகிற பிள்ளைகள்மீது எனக்குக் கோபமே வரும். அதைவிடக் கோபம், அந்தத் திகதியை அறிவித்தல் பலகையில் ஒட்டாத பாடசாலைகள்மீது.

“நம்ம புள்ளைகளுக்கு படிப்பு ஏறாது”

இதைச் சொல்வது வெளியார் மட்டுமில்லை, நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் பார்த்த பள்ளி அப்படி.

1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கற்றுக்கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது. பல தோட்டங்களில் அதன் பலன் ஒரு கொட்டகையும் ஒரே ஆசிரியரும். கொழுந்து பறிக்கவும் புல்லு வெட்டவும் ஆள் தேவைப்பட்ட இடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பு எதற்கு என்பதுதான் நிர்வாகத்தின் எண்ணம். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது நாடெங்கும் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளுக்குப் போனார்கள், தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. மூன்று வருடத்தில் வந்த 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரையே நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில். சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடமும் ஆசிரியரும் ஓரளவு வரத் தொடங்கியது 1980களின் நடுவில்.

ஆக, இன்று ஏ.எல் எழுதுகிற பிள்ளையின் பாட்டி படித்த பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பே இல்லாமல் இருந்திருக்கலாம். 2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டப்புறத்தில் 33.8. தமிழ் மொழியில் விஞ்ஞான, கணிதப் பிரிவு ஒழுங்காக நடக்கும் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய டிவிஷன்கள் இன்னும் இருக்கின்றன. பல பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போவது ஆசைப்பட்டு அல்ல, பக்கத்தில் அதுதான் இருக்கிறது என்பதால். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலை சரிந்தபோது உயர்தரப் பரீட்சையே நடுவில் நின்று, மிச்சப் பாடங்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. வீடு போன பிள்ளையும் வீடு இருந்த பிள்ளையும் அதே தாளைத்தான் எழுதினார்கள்.

இதையெல்லாம் சொல்வது பிள்ளைக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்க அல்ல. படிக்காமல் போனில் கிடந்து பெயிலானவனும் இருக்கிறான், அவனுக்கே அது தெரியும். ஒரு பிள்ளையின் பெறுபேற்றை வைத்து ஒரு சனத்துக்கே மூளையில்லை என்று முடிவு கட்டுவதுதான் பொய்.

“தேர்ட் ஷையும் போச்சு, இனி ஒண்ணுமில்ல”

பல்கலைக்கழக அனுமதிக்குத்தான் மூன்று தடவை என்ற வரையறை. சான்றிதழுக்காக அதற்குப் பிறகும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஓ.எல்லில் கணிதம் மட்டும் போனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். ‘கணக்கு போச்சு’ என்று எட்டுப் பாடத்தையும் சேர்த்துத் தூக்கி எறிகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.

ஓ.எல் சித்தியடையாவிட்டாலும் பன்னிரண்டாம் தரத்துக்குப் போகும் வழி 2017 இலிருந்து இருக்கிறது. 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் வரும் தொழிற்பாடப் பிரிவு அது. எல்லாப் பாடசாலையிலும் இல்லை. எந்தப் பாடசாலையில், எந்த மொழியில் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் பதினெட்டு வயது நிறைந்தவரை அடிப்படைப் பாடநெறியில் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு ஏ.எல் தேவையில்லை. அதை முடித்தால் பட்டப்படிப்புக்கு ஏறலாம், ஹட்டனிலேயே கற்கை நிலையம் உண்டு. கட்டணம் உண்டு, வருடமும் கூடும், தனியாக உட்கார்ந்து படிக்கிற பொறுமையும் வேண்டும். இது சுலபமான குறுக்குவழி என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

தொழில் பக்கம் என்.வி.க்யூ இருக்கிறது. ஏழு படிகள். நான்காம் படி தேர்ந்த தொழிலாளிக்குரிய சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமொன்றை இரத்மலானையில் அமைத்தார்கள். பலருக்குத் தெரியாத விஷயம், வகுப்புக்கே போகாதவருக்கும் இதில் இடமுண்டு. கொழும்பில் ஐந்து வருடம் பேக்கரியிலோ வெல்டிங் பட்டறையிலோ கை பழகியவர், அந்த அனுபவத்தைக் காட்டி, செய்முறைத் தேர்வுக்கு நின்று சான்றிதழ் வாங்கலாம். முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். ஊருக்குத் திருவிழாவுக்கு வந்துபோகிற எத்தனையோ தம்பிமார் இந்தச் சான்றிதழுக்கு உரியவர்கள், விண்ணப்பித்ததில்லை.

“படிச்சவன் சும்மா இருக்கான், கடைக்குப் போனவன் சல்லி அனுப்புறான்”

இது பாதி உண்மை. பட்டதாரிகள் வேலை கேட்டுக் கொழும்பு வீதியில் உட்கார்ந்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருக்கிறோம். பதினெட்டு வயதில் புடவைக் கடையில் நிற்கிற பையன் சாப்பாடு, தங்குமிடம் போக மாதம் ஒரு தொகை அனுப்புவான், அதே வயதில் படிக்கிற அண்ணன் கைச்செலவுக்கு அம்மாவிடம் கேட்பான். தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்ததே 2024 இல்தான். அந்த வீட்டில் ஒருவன் அனுப்பும் சல்லி சின்ன விஷயமில்லை.

ஆனால் பதினெட்டில் பார்க்கிற கணக்கை முப்பதிலும் பார்க்க வேண்டும். கடைச் சம்பளம் அனுபவத்தோடு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். முதலாளி பெயர் பதியாவிட்டால் ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. பதிந்தால் சம்பளத்தில் நூற்றுக்கு 8 அவனும் 12 முதலாளியும் போட வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் பல இடங்களில் கடிதமே கொடுப்பதில்லை. வெளிநாடு போகலாமென்றால் தேர்ந்த தொழிலாளியாகப் போவதா, கூலியாகப் போவதா என்பதை ஒரு சான்றிதழ் தீர்மானிக்கும். கடை வேலை கேவலமில்லை. கடைக்குப் போகிற பிள்ளையிடம் ‘ஓ.எல் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா, முதலாளி பெயர் பதிந்தாரா’ என்று கேட்காத வீடுதான் பிழை செய்கிறது.

“பில் கேட்ஸ் படிச்சாரா? காமராஜர் படிச்சாரா?”

பில் கேட்ஸ் 1975 இல் விட்டு வந்தது ஹார்வர்டை. அப்பா சியாட்டிலில் பேர்போன வழக்கறிஞர். கம்பெனி கவிழ்ந்திருந்தால் திரும்பிப் போய்ப் படிக்க வசதி இருந்த வீடு அது. காமராஜரோ பள்ளியைச் சிறுவயதிலேயே விட்டவர், முதலமைச்சரானதும் ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவும் போட்டார். படிக்காததை அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார் என்று அதற்குப் பிறகும் சொல்ல முடியுமா?

நமக்குக் கூடுதலாகப் பொருந்துகிறவர் கணிதமேதை ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவனமில்லாமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. பரீட்சையிலும் தோற்றார். மேதைக்குப் பட்டம் எதற்கு என்று அவர் கதையைச் சொல்கிறவர்கள் அடுத்த சில வருடங்களை விட்டுவிடுகிறார்கள். அவை வறுமையில் நோட்டுப் புத்தகத்தோடு வேலை தேடி ஆள் ஆளாகப் போய்ப் பார்த்த வருடங்கள். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கரானார். 1913 இல் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி கொடுத்தது, பட்டமில்லாத அவருக்காக வழமையை மீறிய சென்னைப் பல்கலைக்கழகம். 1916 இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழியாகப் பட்டம் வழங்கியது. ராமானுஜனுக்கே ஒரு கல்லூரிக் கதவு மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

“நாலு வார்த்தை ஏசினாத்தான் புத்தி வரும்”

பெறுபேறு வந்த வாரத்தில் ஏச வேண்டாம். தோட்டத்திலும் மரக்கறித் தோட்டத்திலும் களைகொல்லி, பூச்சிமருந்துப் போத்தல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1990களின் நடுவில் தற்கொலையில் உலகிலேயே முன்வரிசையில் இருந்த நாடு இலங்கை. 1995 இலும் 1998 இலும் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நேரத்து வேகத்தில் கைக்கு நஞ்சு கிடைக்காவிட்டால் பல உயிர்கள் தப்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த வாரம் போத்தலைப் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ‘நான் இருந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு வந்தால் நேரடியாகவே கேளுங்கள், ‘சாகணும்னு தோணுதா’ என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

“கேம்பஸ விட்டுட்டு வந்தா பேசாம இருந்துக்க வேண்டியதுதான்”

பேராதனைக்கோ வந்தாறுமூலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாலை போட்டு அனுப்பிய பிள்ளை, இரண்டாம் வருடத்தில் சத்தமில்லாமல் ஊருக்கு வந்து நிற்பதும் நடக்கிறது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு முதல் வருடமே ஆங்கிலத்தில் விரிவுரை. வீட்டிலிருந்து சல்லி வராது. மகாபொல உதவியை 2025 இல் 7,500 ரூபாயாகக் கூட்டினார்கள் என்றாலும் போடிங் வாடகையும் சாப்பாடும் அதைத் தாண்டும். ஊர் மாலை போட்டதால் ‘முடியல’ என்று ஊரில் சொல்ல வாயும் வராது. அதனால் பரீட்சைக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள், பதிவாளருக்கு ஒரு கடிதமும் எழுதாமல்.

இங்கேதான் காகிதம் முக்கியம். நோயோ மன உளைச்சலோ காரணமென்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அந்தப் பரீட்சையைப் பிறகு முதல் தடவையாகவே எழுத இடம் கிடைக்கும். கொடுக்காவிட்டால் வெறும் ‘வரவில்லை’, அடுத்த முறை ‘ரிப்பீட்’. ரிப்பீட் எழுதினால் பொதுவாக ‘சி’க்கு மேல் தரமாட்டார்கள். குடும்பக் கஷ்டமென்றால் ஒரு வருடம் படிப்பை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். வேண்டாமென்றே முடிவெடுத்தாலும் முடித்த பாடங்களின் பெறுபேற்று அட்டையை வாங்கிக்கொண்டு, பதிவை முறைப்படி ரத்துச் செய்துவிட்டு வர வேண்டும். சில பட்டநெறிகளில் முடித்த வருடங்களுக்கு டிப்ளோமாவோ உயர் டிப்ளோமாவோ கொடுத்து அனுப்பும் ஏற்பாடும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

பணம்தான் காரணமென்றால், படிப்பை விடுவதற்கு முன் மாணவர் நலன்புரி அலுவலகத்துக்கும், இந்திய உயர்ஸ்தானிகராலயம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே கொடுக்கும் கல்வி நிதியத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கட்டும். படிவத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் உறுதிக் கடிதம் கேட்டால், அப்பாவின் செக்ரோல் இலக்கத்தோடு தோட்டக் காரியாலயத்துக்குப் போய் வாங்கலாம்.